அட்மிரல் டேர்னரும் ஈரானின் கசட்டுகளும்

"சேர், சீ.ஐ.ஏ.க்கு எல்லாமே தெரியுமாமே, உண்மையா?"

தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நம் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மாணவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

ஸ்டான்ஸ்பீல்ட் டேர்னர் 1923 இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் பிறந்தவர். கடற்படைக் கல்லூரியில் இருந்து 1946 இல் அதிகாரியாக வெளியேறினார். அதே அணியில் வெளியேறிய இன்னொருவர் ஜிம்மி கார்ட்டர். கார்ட்டர் சில ஆண்டுகளில் கடற்படையை விட்டு விலகி, கச்சான் விவசாயத்துக்குப் போய், பிறகு அரசியலுக்கு வந்தார். டேர்னர் கடற்படையிலேயே நின்றார். இடையில் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்டில் படித்தார். கண்ணிவாரிக் கப்பல், நாசகாரிக் கப்பல் என்று படிப்படியாக உயர்ந்தார்.

ஆசிரியர்களான நமக்கு அவரிடம் பிடித்த காலம் ஒன்று உண்டு. 1972 இல் அவர் கடற்படைப் போர்க் கல்லூரியின் தலைவரானார். வியட்நாம் போர் முடியாதிருந்த நேரம் அது. வகுப்புக்கு வந்த அதிகாரிகளுக்கு அவர் கொடுத்த முதல் வாசிப்பு, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த போர் பற்றி துசிடிடீஸ் எழுதிய வரலாறு. பலம் மிக்க ஏதென்ஸ், தூரத்து சிசிலிக்குப் படை அனுப்பி அழிந்த கதை அதில் வருகிறது. தங்கள் காலத்துப் போரை அதிகாரிகள் அந்தப் பழைய போரில் கண்டு சிந்திக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

1977 இல் ஜனாதிபதியான கார்ட்டர், டேர்னரை சீ.ஐ.ஏ.யின் பணிப்பாளராக நியமித்தார். கடற்படையிலேயே இன்னும் உயர வேண்டும் என்று விரும்பியிருந்தவர், புலனாய்வுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு ஓகஸ்டில், மனித மனத்தைக் கட்டுப்படுத்த சீ.ஐ.ஏ. முன்னர் நடத்திய இரகசியப் பரிசோதனைகள் பற்றி செனட் சபை முன் சாட்சியமளித்தார். சம்மதம் கேட்கப்படாமலே மனிதர்களுக்குப் போதைப்பொருள் கொடுத்துப் பார்த்த விடயம் அது. தம் காலத்துக்கு முந்திய தவறுதானே என்று அவர் அதை மூடி வைக்கவில்லை.

ஒக்டோபர் மாத இறுதியில் வேறொரு முடிவு வந்தது. இரகசிய நடவடிக்கைப் பிரிவில் சுமார் 820 பதவிகளை அவர் குறைத்தார். பலருக்கு இரண்டு வரிக் கடிதமே கிடைத்தது. பல காலம் வேலை செய்தவர்களின் மனம் அதோடு முறிந்தது. ஆளை விட இயந்திரத்தை, செய்மதியை நம்புகிறார் என்ற குற்றச்சாட்டு கடைசிவரை அவரைத் தொடர்ந்தது.

இப்போது ஈரானுக்கு வருவோம். 1953 இல் பிரதமர் மொஸாதிக்கைக் கவிழ்த்து ஷாவின் கையைப் பலப்படுத்தியதில் சீ.ஐ.ஏ.க்குப் பங்கிருந்தது. அதன் பிறகு வடக்கு ஈரானில் அமெரிக்கா ஒட்டுக்கேட்கும் நிலையங்களை வைத்திருந்தது. சோவியத்தின் ஏவுகணைப் பரிசோதனைகளைக் கவனிப்பதே அவற்றின் வேலை. ஈரான் மண்ணில் இருந்த காது வடக்கே திரும்பியிருந்தது. நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஷாவின் ஆட்களிடமே கேட்டார்கள். எதிர்ப்பாளர்களோடு பழகினால் ஷா கோபிப்பார் என்ற தயக்கம் வேறு.

அதே காலத்தில், நாடு கடத்தப்பட்டிருந்த கொமெய்னியின் உரைகள் கசட்டுகளில் ஈரானுக்குள் வந்தன. பள்ளிவாசல்களிலும் பஸார்களிலும் அவை கைமாறின. ஒன்று பத்தாகப் பிரதி எடுக்கப்பட்டது. கடைக்காரரும் மாணவரும் கேட்டார்கள். உலகின் பெரிய புலனாய்வு நிறுவனம் அதற்குக் காது கொடுக்கவில்லை.

1978 ஓகஸ்டில் கூட, ஈரானில் புரட்சிச் சூழல் இல்லை என்றே சீ.ஐ.ஏ.யின் மதிப்பீடு சொன்னது. நவம்பரில் கார்ட்டர் தம் கைப்பட டேர்னர் உட்பட மூவருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: கிடைக்கும் அரசியல் தகவல்களின் தரம் திருப்தி தரவில்லை என்று. 1979 ஜனவரி 16 இல் ஷா நாட்டை விட்டுப் போனார். பெப்ரவரி 1 இல் கொமெய்னி வந்திறங்கினார். நவம்பர் 4 இல் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 பேர் 444 நாட்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களை மீட்கப் போன முயற்சியில் 8 அமெரிக்கப் படையினர் பாலைவனத்தில் இறந்தார்கள்.

முழுப் பழியையும் டேர்னர் மீது போடுவது நீதியல்ல. அந்தத் தவறு அவர் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. ஆனால் அவர் பொறுப்பிலிருந்து நழுவவுமில்லை. கொமெய்னி யார், அவருக்குப் பின்னால் மக்கள் எவ்வளவு திரண்டிருந்தார்கள் என்பதைத் தாம் விளங்கிக்கொள்ளவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2005 இல், எண்பது வயதைக் கடந்த பிறகும், கைதிகளைச் சித்திரவதை செய்வதற்குத் துணை நிற்கிறார் என்று தம் நாட்டு உப ஜனாதிபதியைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2018 ஜனவரியில், 94 ஆவது வயதில் காலமானார்.

மாணவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "இல்லை மகன், எல்லாம் தெரியாது. ஏவுகணை எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது. பஸாரில் இருந்த மனுசன் என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை. அதை அவனிடம்தான் கேட்டிருக்க வேண்டும்."

எல்லாம் அவர்கள் திட்டம் என்று சொல்லிவிட்டால் நாம் எதையும் படிக்கத் தேவையில்லை. அது வசதியான பேச்சு, ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை. 1979 இல் இந்தச் செய்திகளை வானொலியில் கேட்ட பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த பாட வேளையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.