ஆற்றைப் பைக்குள் அடைத்தவர்கள்

மூடியைத் திருகித் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது நுரை, லேசாகச் சாம்பல் பூத்த நுரை. வடிகூடையில் கவிழ்த்துக் குழாயடியில் காட்டினால் நுரை போய் எஃகுக் குண்டுகள் மினுங்கும். அவற்றுக்கு நடுவே வெள்ளிக் கம்பியில் செய்த காதணி கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்கு முன் உள்ளே போட்டபோது சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறியிருந்தது. இப்போது என் விரல் அதில் தெரிகிறது. அதில் கோத்த நீலக் கண்ணாடி மணியில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் டம்ப்ளர் என்கிறார்கள். பட்டறையில் டிரம் என்றால் புரியும். ரப்பர் உருளை ஒன்று, அது படுத்துச் சுழல இரண்டு உருட்டுக் கம்பிகள், சின்ன மோட்டார். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் இதற்குள் நடப்பது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒரு தோல் பையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

குஜராத்தில் காம்பே என்று நாம் படித்த ஊர், கம்பாத். அங்கே அகேட், சூதுபவளம் இரண்டிலும் மணி செய்வது பல நூற்றாண்டுத் தொழில். கல் வருவது நர்மதைக்கரைப் பக்கம் ரத்தன்பூரிலிருந்து. முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் நூலிலேயே பாருகச்சத் (இன்றைய பரூச்) துறைமுகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் இந்தக் கல் இருக்கிறது. ஈரோடு பக்கத்து நம் கொடுமணலில் அகழ்வில் கிடைத்த சூதுபவள மணிகளுக்குக் கல் அந்தத் திசையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கம்பாத்தில் கல்லை மண்சட்டியில் வைத்துச் சாண எருவில் சுடுவார்கள். மஞ்சளும் பழுப்புமாக இருந்த கல் சிவந்து வரும். பிறகு தரையில் சாய்வாக நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லை அணைத்துப் பிடித்து, எருமைக் கொம்பில் செய்த சுத்தியலால் தட்டுவார்கள். இரும்புச் சுத்தியல் என்றால் கல் தெறித்துவிடும். கொம்பு அடியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். செதில் செதிலாக உதிர்ந்து மணியின் உருவம் வரும்.

வந்த மணி சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் பிடித்துத் தேய்ப்பது ஆகிற காரியமா? விலை உயர்ந்த நீள மணிகளை ஹரப்பா காலத்தில் அப்படித்தான் தேய்த்தார்கள். சிறு மணிகள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றானபோது யாரோ ஆற்றைப் பார்த்திருக்கிறார்கள். கூழாங்கல்லை ஒருவரும் உட்கார்ந்து தேய்க்கவில்லை. கல்லோடு கல் உரசி, நடுவில் மணலும் தண்ணீரும் ஓடி, தானாக வழுவழுப்பாகிறது.

அந்த ஆற்றைத்தான் பைக்குள் அடைத்தார்கள். இரண்டடி நீளத் தோல் பை. உள்ளே மணிகள், குருந்தப்பொடி, கல் அறுத்த தூள், தண்ணீர். வாயை இறுக்கிக் கட்டி, வாரைச் சுற்றி, அறையின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து இங்குமங்குமாக இழுத்து உருட்டுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் வேலை இல்லை. பத்து முதல் பதினைந்து நாள். அவ்வப்போது தண்ணீர் தெளித்து ஈரம் காப்பார்கள். பையை அவிழ்க்கும்போது மணிகள் ஒன்றையொன்று மெருகேற்றி முடித்திருக்கும். எந்த அறிஞரின் பெயரும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு நான் மாலை போட்டிருப்பேன்.

இன்று கம்பாத்திலும் மோட்டார் டிரம்கள்தான். ஆனால் மணிக்கு வடிவம் கொடுக்க உலர்ந்த சக்கரத்தில் கல்லைத் தேய்க்கிறபோது எழும் தூசி அந்தத் தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்றுகொண்டிருக்கிறது. சிலிகோசிஸ் என்று பெயர், வந்தால் குணமாகாது. பைக்குள் நனைந்தபடி உருண்ட கல் அந்தத் தூசியைக் காற்றில் விட்டதில்லை. சூதுபவள மாலை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

கண்ணாடி மணியின் கதை வேறு. அதில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். உலகம் பார்த்தது ரோமானியப் பானை ஓடுகளை. மண்ணில் கொள்ளை கொள்ளையாகக் கிடந்தவை வேறு: கடுகை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிப் பாசிமணிகள், சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம். இந்தோ-பசிபிக் மணிகள் என்று பின்னாளில் இவற்றுக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை இவ்வகை மணிகள் பரவின. இவற்றை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு உயிருள்ள சாட்சியை அவர் திருப்பதிக்கும் காளகஸ்திக்கும் நடுவே பாப்பாநாயுடுபேட்டையில் கண்டார்.

அங்கே உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்டி உலைக்குள் நீட்டுவார்கள். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். நடுவில் துளையோடு மெல்லிய கண்ணாடிக் குழல் பல மணி நேரம் வந்துகொண்டிருக்கும். அதை முழக்கணக்கில் உடைத்து, பிறகு கத்தி விளிம்பில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். அந்தத் துண்டின் இரு முனையும் பிளேடுபோல இருக்கும். நூலில் கோத்தால் நூல் அறுந்துபோகும்.

அதற்கு என்ன செய்தார்கள்? தேய்க்கவில்லை. துண்டுகளைச் சாம்பலோடு கலந்து, சட்டியில் போட்டு, சூட்டில் வைத்துக் கிளறினார்கள். கண்ணாடி முழுதும் உருகுவதற்கு முன் அதன் கூர்விளிம்புதான் முதலில் இளகும். இளகிய விளிம்பு தன் பரப்பைச் சுருக்கிக்கொண்டு தானே உருண்டுவிடும், நீர்த்துளி உருண்டை பிடிப்பதுபோல. சாம்பல் எதையும் தேய்ப்பதில்லை. அது துளைக்குள் புகுந்து அடைபடாமல் காக்கிறது. மணியோடு மணி ஒட்டாமல் இடையில் நிற்கிறது. கிளறுவதும் ஒட்டாமல் இருக்கத்தான். வெளியிலிருந்து பார்த்தால் கம்பாத் பை செய்த அதே உருட்டல். உள்ளே வேலை முழுக்க வேறு. அங்கே உராய்வு, இங்கே நெருப்பு. என்னை இந்தத் தொழிலில் கட்டிப்போட்ட விஷயம் இதுதான்.

வெனிஸ்காரர்களும் சிறு மணிகளை இதே போல வாணலியில் கிளறினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாணலி போய் நெருப்பின் மேல் சுழலும் இரும்பு உருளை வந்தது. கை வேலை சக்கர வேலையானது.

குருந்தப்பொடிக்கு மாற்று வந்தது அமெரிக்காவில். 1891-இல் எட்வர்ட் ஆச்சிசன் மின்சார உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கினார். இன்று கல் உருட்டுகிறவர்கள் போடும் கறுப்புப் பொடி அதுதான். கரடுமுரடிலிருந்து மாவுவரை படிப்படியாக, படிக்கு ஏறத்தாழ ஒரு வாரம். கண்ணாடி மணியை இதே பொடியில் உருட்டினால் பளபளப்புப் போய், கடல் அலைந்து கரை ஒதுங்கிய கண்ணாடிபோல மெல்லிய பனி படரும். எனக்கு அந்த மங்கல் மிகவும் பிடிக்கும்.

வெள்ளிக்கு இந்த இரண்டு வழியும் ஆகாது. உராய்ந்தால் வெள்ளி குறையும். சுட்டால் பற்றவைத்த இடம் விட்டுவிடும். அதற்குத்தான் எஃகுக் குண்டு. 1883-இல் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபர்ட் நகரத்து ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் சாணை பிடித்து எடுக்க இயந்திரம் கண்டார். சைக்கிள் அச்சுக்காகச் செய்தது. குண்டு மலிந்த பிறகுதான் உலோகச் சாமான்களை அதோடு சேர்த்து உருட்டும் வழக்கம் தொழிற்சாலைகளில் பரவியது. 1950-களில் அமெரிக்கக் கல் ஆர்வலர்கள் சிறிய டிரம்களை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நகை செய்கிறவர்கள் அதில் கல்லுக்குப் பதில் குண்டைப் போட்டார்கள்.

குண்டு வெள்ளியைத் தேய்ப்பதில்லை, தட்டுகிறது. ஆயிரக்கணக்கான மெல்லிய தட்டு. மேல்பரப்பில் உள்ள மேடு பள்ளம் அழுந்திச் சமமாகிறது, எடை குறைவதில்லை. மெல்லிய கம்பி சற்று விறைத்தும் கொள்ளும். மெருகுக் கம்பியால் ஆசாரி அழுத்தி அழுத்திச் செய்ததே இது. உருண்டைக் குண்டு மட்டும் போட்டால் கம்பி முறுக்கின் இடுக்கில் கறுப்பு நின்றுவிடும். அதனால் ஊசிபோன்றதும் தட்டையானதும் கலந்து போடுகிறோம். தண்ணீர் குண்டுக்கு மேல் ஒரு விரல்கடை நின்றால் போதும், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. நம் ஆசாரிமார் பித்தளைப் பிரஷ்ஷோடு பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்திருந்தது இதே காரணத்துக்காக: வழுக்க வேண்டும், அழுக்கைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும்.

டிரம்மைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உள்ளே எதுவும் அசையாது. வேகமாகச் சுழற்றினால் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். மெதுவாகச் சுழலும்போதுதான் மேலடுக்கு சரிந்து சரிந்து விழுகிறது, மணல்மேடு சரிவதுபோல. அந்தச் சரிவில்தான் வேலை நடக்கிறது.

முதல் வருஷம் என் சிவப்பு மணி ஒன்று டிரம்முக்குள் இரண்டாகப் பிளந்தது. கோத்த நகையோடு போயிருந்தது. கண்ணாடித் துகளைக் குண்டுகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுக்க ஒரு மாலை முழுதும் ஆயிற்று. குற்றம் டிரம்முடையது இல்லை. சுடரில் செய்த மணியை அப்படியே ஆறவிட்டிருந்தேன். வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்னால் சுருங்க, மணிக்குள் இழுபறி தங்கிவிடும். சூளையில் சுமார் 500 டிகிரியில் ஊறவைத்து மணிக்கணக்கில் சூட்டை இறக்கினால்தான் அது தளரும். வெளியில் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. டிரம் சொல்லிவிடும்.

அதிலிருந்து எந்த மணியையும் கம்பியில் கோப்பதற்கு முன் தனியாக ஒரு தடவை குண்டோடு உருட்டிவிடுகிறேன். பக்கத்து அறையில் வேலை பார்த்தபடி காதை இங்கே வைத்திருப்பேன். சரியாக ஓடினால் தூரத்து மழைபோல ஒரே சீரான இரைச்சல். தண்ணீர் குறைந்தால் கலகலவென்று மாறும். இப்போதும் உள்ளே பதினாறு மணிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.