தில்லானா மோகனாம்பாள்: சொன்னதும் சொல்லாததும்

கலைஞர்களின் வாழ்க்கையைச் சொன்ன தமிழ்ப் படம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, 1968இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதைதான் அதன் மூலம். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனத்துக்கும் மோகனாவின் சலங்கைக்கும் நடக்கும் போட்டியைக் காதல் கதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கோயில் வழக்கில் அவை பெரிய மேளம், சின்ன மேளம் என்ற இரு மரபுகள். ஆண்கள் நாயனமும் தவிலும் வாசித்தார்கள், பெண்கள் ஆடினார்கள்; இரண்டையும் வளர்த்தவை பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பங்களே. 1947இல் சென்னை மாகாணம், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதன்பின் பெரிய மேளம் சன்னிதியில் நிலைத்தது, சின்ன மேளம் அங்கிருந்து மறைந்தது. மறைந்துபோன அந்த உலகத்தைத்தான் 21 ஆண்டுகள் கழித்து நாகராஜன் திரையில் எழுப்பினார்.

எழுப்பியதில் அவர் காட்டிய அக்கறை பெரியது. சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் அண்ணன் தம்பியாக ஜோடி நாயனம் பிடிக்கிறார்கள்; நாம் கேட்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. காயம்பட்டு மீண்ட சண்முகசுந்தரம் மேடையேறி வாசிக்கும்போது, மோகனா ஆட்டத்தினூடேயே அவரிடம் நலம் விசாரிக்கிறாள். சபை நடுவே தொழில் வழியாகவே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கலைஞனின் தன்மானத்தையும் படம் எங்குமே தாழவிடவில்லை. ஆனால் மோகனாவைத் துரத்தும் ஆபத்தைச் சொல்லுமிடத்தில் அது வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது. பணக்காரத் துணை தேடும் தாய் வடிவாம்பாள், தரகு பேசும் வைத்தி, ஆசைப்படும் மைனர் என்று எல்லாமே தனிமனிதக் குணக்கேடாக நிற்கின்றன. ஆடும் பெண்ணின் பிழைப்பைப் புரவலரின் தயவில் கட்டிப்போட்ட ஏற்பாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் கல்யாணம் ஆனதும் சிக்கலே தீர்ந்ததுபோல் கதை முடிகிறது.

படம் என்ன வரலாற்று நூலா, அந்தக் காலத்து ரசிகர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சொல்லாமலே புரிந்துகொண்ட தலைமுறை அது. ஆனால் இன்று அந்த உலகத்தை இந்தப் படத்தின் வழியாக மட்டுமே அறிந்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வடிவாம்பாள் வெறும் பேராசைக்காரி. மகளின் ஆட்டத்தைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு தாயின் பயம் அவர்கள் கண்ணில் படாது. நாயனத்தின் கம்பீரத்துக்கு இந்தப் படத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்வோம். சின்ன மேளத்துப் பெண்களின் கதைக்கு இதையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.