புறப்பாடும் மேலெழுதலும்: விமான இயக்கப் பணியில் சொல்லின் வரலாறு

விமானப் பயணம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் விமானி. அவர் விமானத்தில் ஏறுமுன்பே தரையில் ஒரு குழு அப்பயணத்துக்காக உழைத்திருக்கிறது என்பதைப் பயணிகள் பெரும்பாலும் அறிவதில்லை. எவ்வழியே பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, சேருமிடத்தில் வானிலை கெட்டால் எந்த மாற்று நிலையத்தில் இறங்குவது, விமானக் குழுவினரின் பணி நேரம் வரம்புக்குள் அமைகிறதா என்பவற்றை ஆராய்ந்து பயணத் திட்டத்தை வகுப்பவர்கள் இயக்க அலுவலர்கள். அவர்களையும் அவர்கள் பின்பற்றும் விதிமுறைகளையும் மேற்பார்வையிடுபவர் விமான இயக்க மேலாளர்.

இவர்கள் விமானத்தை ஓட்டுவதில்லை; பழுது பார்ப்பதும் இல்லை. இவர்கள் கையாளும் முதன்மைக் கருவி மொழியே. ஆகவே இப்பணியின் வரலாறு மொழி பயில்வோர்க்கும் உரியதாகிறது. ஒரு சொல் இரு பொருள் தருமாயின் கவிதையில் அது அணி. விமான இயக்கத்தில் அது ஆபத்து. அவ்வாபத்தை உலகம் எவ்வாறு உணர்ந்தது, சொற்களுக்கு எவ்வாறு வரம்பு கட்டியது என்பதையும், தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் அதிலிருந்து பெறத்தக்க பாடத்தையும் இவ்வுரையில் காண்போம்.

தரையில் ஒரு பொறுப்பாளர்

முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. லண்டனின் குரோய்டன் நிலையத்துக்கும் பாரிசை அடுத்த லெ பூர்ஜே நிலையத்துக்கும் இடையே விமானங்கள் மிகுதியாகப் பறந்தன. ஆபத்தில் சிக்கிய விமானி எழுப்பும் குரலை இரு நாட்டாரும் நொடிப்பொழுதில் உணரவேண்டும். குரோய்டனில் வானொலி அலுவலராக இருந்த பிரெடெரிக் மாக்ஃபர்டு, 'எனக்கு உதவுங்கள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி, 'மேடே' என்னும் அழைப்பை 1920களில் முன்மொழிந்தார். வேறெந்தப் பொருளிலும் வழங்காமல் தனித்து நிற்பதே அச்சொல்லின் வலிமை.

ஆயினும் தரையில் இருப்பவருக்கு என்ன பொறுப்பு என்பது நெடுங்காலம் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 1935 மே 6ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பயணிகள் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. மாண்டவர்களுள் செனட்டர் பிரான்சன் கட்டிங்கும் ஒருவர். சேருமிடத்தில் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. வானிலை முன்னறிவிப்பு பிழையாக அமைந்ததையும், எரிபொருள் போதிய அளவு இருந்தபோதே விமானத்தை வேறிடத்துக்குத் திருப்பத் தரை அலுவலர்கள் விரையாமையையும் விசாரணை அறிக்கை காரணங்களுள் சேர்த்துச் சுட்டியது. உரிய நேரத்தில் சொல்லப்படாத சொல்லும் விபத்துக்குக் காரணமாகும் என்பது அன்று பதிவாயிற்று. 1938இல் அங்கு புதிய வான்போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியபின், விமானத்தை அனுப்பும் தரை அலுவலருக்கும் விமானிக்குப் போலவே உரிமம் தேவைப்பட்டது. முறையான பயணிகள் சேவைகளில் விமானத் தலைவரும் தரை அலுவலரும் கூட்டாகப் பொறுப்பேற்கும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் நிலவுகிறது.

நம் வட்டாரத்திலும் இப்பணிக்கு வரலாறு உண்டு. 1937இல் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஒழுங்கான சேவை அங்கிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்குத் தொடங்கியது. அவ்விமானத்தில் ஐந்து பயணிகள் அமரலாம். அந்நிறுவனத்தின் வழிவந்த மலேசிய-சிங்கப்பூர் விமான நிறுவனம் 1972இல் இரண்டாகப் பிரிந்தது. 1981இல் சாங்கி நிலையம் இயங்கத் தொடங்கியது. வழித்தடங்கள் பெருகப் பெருகத் தரைக்கும் வானுக்கும் இடையே பரிமாறப்படும் சொற்களும் பெருகின.

எழுத்துக்கு ஒரு பெயர்

வானொலியில் எழுத்துகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆங்கில எழுத்துகளுள் பி, டி, வி ஆகியவை இரைச்சலுக்கிடையே மயங்கும். இதனைக் களைய அனைத்துலகக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வகுத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் அனைவர்க்கும் எளிதில் விளங்கும் சொற்களைத் தேர்வதில் மான்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலறிஞர் ஜான்-பால் வினே பெரும்பங்காற்றினார். 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என வழங்கும் வரிசை 1956இல் இறுதி வடிவம் பெற்றது.

நம் வகுப்பறைகளிலும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியர் 'இரண்டு சுழி ன', 'மூன்று சுழி ண' என்று எழுத்தைப் பெயர்சுட்டிச் சொல்கிறார். ஒலி மயங்கும் இடத்தில் பெயரால் தெளிவிப்பதே இரண்டிற்கும் பொதுவான நெறி.

ஒரு சொல் இருவருக்கு இருபொருள் ஆனபோது

1977 மார்ச் 27ஆம் நாள் கனாரித் தீவுகளில் நிகழ்ந்தது விமான வரலாற்றின் மிகக் கொடிய விபத்து. அண்டைத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனரீஃப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கேஎல்எம் நிறுவனத்தின் விமானமும் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானமும் மூடுபனிக்கிடையே ஒரே ஓடுபாதையில் இருந்தன. கேஎல்எம் குழுவினருக்குப் பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்குப் பறக்கவேண்டிய வழியைத்தான் அறிவித்தார். ஓடுபாதையை விட்டு எழ இசைவு தரவில்லை. ஆனால் அவ்வறிவிப்பினுள் 'டேக்-ஆஃப்' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அறிவிப்பைத் திருப்பிச் சொல்லி, இறுதியில் 'நாங்கள் இப்போது டேக்-ஆஃப் நிலையில்' என்று கொள்ளத்தக்க ஒரு தொடரைச் சேர்த்தார். புறப்படும் இடத்தில் காத்திருக்கின்றனர் என்று கட்டுப்பாட்டு அலுவலர் கருதினார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் டச்சு மொழியமைப்பு ஆங்கிலச் சொற்களில் ஏறியதே அத்தொடர் என மொழியியலார் சிலர் விளக்குவர்.

அலுவலர் 'சரி' என்னும் பொருளில் ஒரு சொல்லை உதிர்த்துவிட்டுக் காத்திருக்குமாறு கூறினார். அதே நொடியில் மற்ற விமானமும் பேசியதால் இரு குரல்களும் மோதின. விமானியறையில் 'சரி' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று பொறியாளர் ஐயத்தோடு வினவினார். மூத்தவரான விமானத் தலைவர் விலகிவிட்டதாக உறுதியாக விடையிறுத்தார். ஐயம் அத்துடன் அடங்கியது. 583 பேர் மாண்டனர்.

இதன்பின் சொல் வழக்கு திருத்தப்பட்டது. எழுவதற்கு இசைவு தரும்போதும் அவ்விசைவை நீக்கும்போதும் மட்டுமே 'டேக்-ஆஃப்' வழங்கப்படும். பிற இடங்களில் எல்லாம் 'டிப்பார்ச்சர்' என்றே சொல்லவேண்டும். முதன்மையான அறிவிப்புகளைக் கேட்டவர் வெறும் 'சரி' என்று ஏற்காமல் முழுமையாகத் திருப்பிச் சொல்வது வலியுறுத்தப்பட்டது. இளையவரின் ஐயத்துக்கு மூத்தவர் செவிகொடுக்கும் பயிற்சியும் விமானக் குழுவினருக்கு அளிக்கப்படலாயிற்று.

எரிபொருளும் அளவும்

1983 ஜூலையில் கனடாவில் ஒரு விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் மானி பழுதுபட்டிருந்ததால், தொட்டியிலிருந்த லிட்டரை அளந்து எடையாகக் கணக்கிட்டனர். கிலோகிராமுக்குரிய எண்ணால் பெருக்குவதற்கு மாறாகப் பவுண்டுக்குரிய எண்ணால் பெருக்கிவிட்டனர். ஏட்டில் எண் சரியாக இருந்தது. அளவைப் பெயர் மாறிப்போனது. தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு சென்ற விமானம் நடுவானில் இயந்திரங்கள் அணைந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுதளத்தில் சறுக்கி இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

1990 ஜனவரி 25ஆம் நாள் நியூயார்க் அருகே நிகழ்ந்தது வேறுவிதம். வானில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்த கொலம்பிய விமானத்தினர் தமக்கு 'முன்னுரிமை' வேண்டும் என்றனர். எரிபொருள் தீர்கிறது என்றும் கூறினர். 'அவசரநிலை' என்னும் சொல் மட்டும் வரவில்லை. விமானம் மலைச்சரிவில் வீழ்ந்து 73 பேர் இறந்தனர். குறைந்த எரிபொருள் நிலையைச் சுட்ட எல்லார்க்கும் விளங்கும் நிலையான சொற்கள் இல்லாமையை விசாரணையாளர் எடுத்துக்காட்டினர். நிறுவனத்தின் தரை இயக்கப் பிரிவின் உதவியைக் குழுவினர் நாடாமையையும் அவ்வறிக்கை சுட்டியது. பின்னர் 2012இல், எந்த நிலையில் எச்சொல்லைக் கூறவேண்டும் என்பது அனைத்துலக விதியிலேயே வரையறுக்கப்பட்டது.

தமிழுக்கு ஒரு பாடம்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், வினாவும் விடையும் வழுவாது காக்கப்படவேண்டும் என்று விதிக்கிறது. வானொலியில் திருப்பிச் சொல்லும் முறையும் அதே அக்கறையில் பிறந்ததுதான். சொல் பிறந்த இடத்திலேயே பொருள் நிறைவதில்லை. கேட்டவர் மனத்தில் என்ன பதிந்தது என்பதை அறிந்தபின்னரே உரையாடல் முற்றுப்பெறுகிறது.

நம் கலைச்சொல் வழக்கை இவ்வொளியில் நோக்குவோம். 'விமானம் புறப்பட்டது' என்று எழுதுகிறோம். கதவு மூடி நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததா, தரையை விட்டு வானில் எழுந்ததா? 'புறப்பாடு' என்னும் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. டெனரீஃபிலும் இருவேறு கருத்துகள் இவ்வாறே ஒன்றோடொன்று கலந்துபோயின. நகர்வதைப் 'புறப்பாடு' என்றும், தரையை விட்டு எழுவதை 'மேலெழுதல்' என்றும் வேறுபடுத்தி வழங்கினால் இம்மயக்கம் நீங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் கிடைத்தவுடன் கலைச்சொல்லாக்கம் நிறைவடைந்ததாக நாம் கருதிவிடுகிறோம். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாத இரண்டு கருத்துகளை அச்சொல் பிரித்துக் காட்டுகிறதா என்பதே முதலில் கேட்கவேண்டிய வினா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 'விளங்கியதா?' என்று கேட்டால் வகுப்பு முழுதும் 'விளங்கியது' என்றே சொல்லும். விளங்கியதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு மாணவரைக் கேளுங்கள். ஐயம் எழுப்பும் மாணவனை அமர்த்திவிடாதீர்கள். அன்று டெனரீஃபில் பனியினூடே எழுந்த வினா சரியான வினாதான். அதற்கு விடையளித்தவர் ஒருமுறை சரிபார்த்திருந்தால் போதும்.