ஏழு கன்னி மலை விமான விபத்து (1974): நினைவும் வரலாற்றுச் சான்றும்

ஒரு நாட்டையே குலுக்கிய துயரச் செய்தியை முதன்முதற் கேட்டபொழுது தாம் எங்கிருந்தோம், யாருடன் இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் மக்கள் ஐயமின்றிக் கூறுவர். ஆபிரகாம் லிங்கன் 1865 இற் கொலையுண்ட செய்தியைக் கேட்ட தருணம் பற்றி 179 பேரிடம் வினவிய கோல்குரோவ் என்பார், அவர்களுள் 127 பேர் அத்தருணத்தை விவரமாகக் கூறினர் என 1899 இல் எழுதினார். 1977 இற் பிரவுண், குலிக் என்னும் உளவியலறிஞர் இருவர் இவ்வகை நினைவைப் புகைப்படக் கருவியின் மின்வெட்டொளிக்கு ஒப்பிட்டனர். ஒரு கணத்தின் ஒளியில் மனம் பதித்த படம் மங்காது நிலைக்கும் என்பது அவ்வொப்புமையின் உட்கிடை.

இக்கருத்தினை ஒரு விண்வெளித் துயரமே சோதனைக்கு உட்படுத்தியது. 1986 ஜனவரி 28 ஆம் நாள் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 ஆவது செக்கனிற் சிதறி, அதிற் சென்ற எழுவரும் மாண்டனர். மறுநாட் காலையிலேயே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்பார் 106 மாணவரைக் கொண்டு, செய்தியைத் தாம் அறிந்த விதத்தை அவரவர் கையால் எழுதுவித்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின்னர் அவர்களுள் 44 பேர் மீண்டும் வினவப்பட்டனர். பதினொருவர் கூறியவற்றுள் ஒன்றேனும் முன்னெழுதியதோடு ஒத்துவரவில்லை; முற்றும் ஒத்துவரக் கூறியோர் மூவரே. வகுப்பறையிற் பிறர் பேசக் கேட்டதாக முதலில் எழுதிய மாணவியொருத்தி, விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சியிற் கண்டதாகப் பின்னர் உறுதிபடக் கூறினாள். தம் கையெழுத்தையே காட்டிய பின்னரும் பழைய நினைவு அவர்களுக்கு மீளவில்லை என்பதே இவ்வாய்வின் வியத்தகு பகுதியாகும்.

வாய்மொழிச் சான்றினை நம்பி வரலாறு எழுத முற்படுவோர் இம்முடிவினை எளிதிற் கடந்து செல்லுதல் இயலாது. கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் இதனைப் பொருத்திப் பார்ப்பதற்கு உகந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அது விண்ணோடத்தைப் பற்றியதன்று. வானிலிருந்து மலைமீது வீழ்ந்த ஒரு விமானத்தைப் பற்றியது.

1974 டிசம்பர் 4 ஆம் நாள், புதன்கிழமை. துல்ஹஜ் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் தரித்து ஜெத்தா செல்லும் நோக்குடன் டீ.சீ. 8 ரக விமானமொன்று வந்தது. அது ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்துக்கு உரியது. கருடா நிறுவனத்துக்காக யாத்திரிகரைக் கொண்டு சென்றது. பணியாளர் ஒன்பதின்மர். இரவு ஏறத்தாழப் பத்தேகால் மணிக்கு, மஸ்கெலியாப் பகுதியில், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னி மலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,355 அடி உயரத்தில் அது மோதிற்று. 191 பேரும் மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சில் பாரிஸ் நகருக்கு அருகில் 346 பேரைப் பலிகொண்ட துருக்கிய விமான விபத்தினை அடுத்து, அக்காலம் வரை உலகம் கண்ட பெரும் விமான விபத்து இதுவே. இலங்கை மண்ணில் இதனை விஞ்சிய விமான விபத்து இன்றுவரை நிகழவில்லை.

விபத்துக்கான காரணம் ஆராயப்பட்டுள்ளது. விமான நிலையத்தினின்றும் தாம் எவ்வளவு தொலைவில் உள்ளனர் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்தனர். அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கினர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியினதும் வானிலை ராடரினதும் காட்டல்களை நம்பியமை தவறான விளக்கத்துக்கு இடமளித்தது என்பது விசாரணையாளர் கருத்து. கட்டுநாயக்காவை அண்மிவிட்டதாக எண்ணி 2,000 அடிக்கு இறங்கும் அனுமதியைப் பெற்ற விமானம், உண்மையில் அதற்குக் கிழக்கே சுமார் 40 கடல்மைல் தொலைவில் மலைத்தொடரின் நடுவே இருந்தது. தாம் எங்கிருக்கிறோம் என்பதை அறியாமையே அவ்விரவின் துயரம். தாம் எங்கிருந்தோம் என்பதை அறிந்ததாகக் கருதுவது அதனைப் பின்னர் நினைவுகூருவோரின் இடர்ப்பாடு.

மோதுண்ட மலையின் அயலிலேயே சிவனொளிபாத மலை நிற்கின்றது. இஸ்லாமியர் அதனைப் பாவா ஆதமின் மலை எனப் போற்றுவர். 1344 இல் இலங்கை வந்த இபுனு பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியைப் பெற்று அம்மலைக்கு யாத்திரை சென்றமை வரலாற்று மாணவர் நன்கறிந்தது. மக்கா நோக்கிய யாத்திரிகர் அந்த மலையின் அண்மையிலேயே மண்ணுட் சேர்ந்தனர். மாண்டோர் பலரின் உடலெச்சங்கள் விபத்து நிகழ்ந்த சூழலிலேயே அடக்கம் செய்யப்பட்டன. விமானத்தின் சிதையாத சில்லொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுப்பொருளாக வைக்கப்பட்டது.

இனி, அவ்விரவுக்குச் சாட்சியாயிருந்தோர் யாவர் என்னும் வினா எழுகின்றது. மலையடிவாரத்தில் வாழ்ந்தோர் தோட்டத் தொழிலாளரும் அயற்கிராமத்தவருமே. 1973, 1974 ஆகிய ஆண்டுகள் மலையகத் தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடிய ஆண்டுகள். அரிசியும் மாவும் அரிதாகிப் பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நடைமுறையிலிருந்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட 1974 ஜனவரியில் சிறிமா - இந்திரா உடன்படிக்கை வழிசெய்தது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயத்தின் வாயிலிற் கடவுச்சீட்டுக்காகக் காத்துநின்ற குடும்பங்களே அக்காலக் கண்டியின் அன்றாடக் காட்சி. பின்னர் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியேறியோருள், அந்த மலைச்சாரலின் லயங்களில் அவ்விரவு உறங்கிக்கொண்டிருந்தோரும் இருந்திருத்தல் கூடும். 1977 இனதும் 1983 இனதும் வன்செயல்கள் மேலும் பலரைச் சிதறடித்தன. இவ்வாறு சாட்சிகள் கடல் கடந்து பிரிக்கப்பட்ட வேறொரு விமான விபத்தினைக் காண்பது அரிது. தமிழர் பொதுநினைவில் 1974 என்றதும் அவ்வாண்டு ஜனவரியில் யாழ்ப்பாணத்து உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் நேர்ந்த உயிரிழப்பே முன்னிற்கின்றது. அது இயல்பே. ஆயின் அதே ஆண்டின் இறுதியில் மலையகத்தில் நேர்ந்தது நோர்ட்டன் பிரிட்ஜ் வட்டாரத்துக்கு வெளியே பெரிதும் மறக்கப்பட்டமை நியாயமெனக் கொள்ளுதற்கில்லை.

எஞ்சியிருக்கும் நினைவுகளை எங்ஙனம் கையாளுதல் வேண்டும்? நைசர் செய்ததுபோல மறுநாட் காலையிலேயே எழுதுவித்த ஏடு எதுவும் இங்கில்லை. எனினும் சில உட்சான்றுகள் உதவும். 1974 இல் இலங்கையிற் தொலைக்காட்சி இருக்கவில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும் ரூபவாஹினி 1982 இலுமே தொடங்கின. எனவே அவ்விரவின் காட்சிகளைத் தொலைக்காட்சியிற் கண்டதாகக் கூறுவார் எவரும், எமரி மாணவியைப் போலப் பிற்கால அனுபவமொன்றை முற்காலத்தில் ஏற்றிக் கூறுகின்றார் எனக் கொள்ளலாம். வானொலியும் மறுநாட் பத்திரிகையும் வாய்ச்சொல்லுமே அன்று கண்டிக்குச் செய்தி கொணர்ந்திருத்தல் கூடும். இன்னுமொரு மயக்கத்துக்கும் இடமுண்டு. 1978 நவம்பர் 15 ஆம் நாள், ஜெத்தாவிலிருந்து சுரபாயா திரும்பிய ஐஸ்லாந்து நாட்டு விமானமொன்று கட்டுநாயக்காவை அண்மித்த வேளையில் வீழ்ந்து 183 பேர் மாண்டனர். அதுவும் டீ.சீ. 8, அதிற் சென்றோரும் இந்தோனேசிய ஹாஜிகளே. தென்னந்தோப்பில் வீழ்ந்ததையும் மலையில் மோதியதையும் ஒன்றாக்கிக் கூறும் நினைவினை ஆய்வாளர் எதிர்பார்த்தே செல்லுதல் வேண்டும்.

ஒற்றுமைகளைத் தேடுவதும் மனத்தின் இயல்பு. சலஞ்சர் சிதறியபொழுது இலங்கை நேரம் இரவு பத்து மணி கடந்து ஒன்பது நிமிடம். ஏழு கன்னி மலை விபத்தும் ஏறத்தாழ அதே நேரம். அங்கு மாண்டோர் எழுவர். இங்கு கன்னியரும் எழுவர். கதை சொல்வோர்க்கு இது விருந்து. வரலாற்றுக்கு இதனாற் பயனேதுமில்லை.

பயனுள்ள சான்று வேறோரிடத்திற் கிடைத்தல் கூடும். தோட்டத் தொழிலாளர் எவரெவர் எந்நாளில் வேலைக்கு வந்தனர் என்பதை நாள்தோறும் பதிவது செக்ரோல். "நீர் எங்கிருந்தீர்?" என்னும் வினாவுக்கு மனத்தைக் கேளாமலே விடை கூறும் ஏடு அது. டிசம்பர் 5, வியாழக்கிழமை, வேலைநாள். அன்று காலைப் பிரட்டில் எத்தனை பேர் நின்றனர், எத்தனை பேர் மலையேறினர், மலையேறியோருக்குப் பேர் போடப்பட்டதா, அன்றி அரைநாட் கூலியும் இழந்தனரா என்பவற்றை அவ்வேட்டின் ஒரு பக்கம் காட்டிவிடும். கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் தனியார் முகாமைக்குச் சென்றன. கைமாறிய ஒவ்வொரு முறையும் பழைய ஏடுகள் காரியாலயத்தின் பின்னறைக்கோ அடுப்புக்கோ போகும் வாய்ப்பு மிகுந்தது. அவ்விரவில் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வழியாக ஹற்றனுக்குப் புகையிரதம் நாள்தோறும் செல்கின்றது. அங்கிருந்து நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பேருந்து உண்டு.