ரோட்டரி எஞ்சின் மூச்சு விட்ட கதை

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பேசுறேன். இன்றைக்கு ஒரு சின்ன பொருளை வைத்துப் பெரிய வரலாறு ஒன்றைப் பார்க்கப் போகிறோம். பொருள்: இன்டேக் மேனிஃபோல்டு. காற்றை எஞ்சினுக்குள் பிரித்துக் கொண்டுபோகிற குழாய்த் தொகுப்பு. கார் மாடிஃபிகேஷன் வீடியோ பார்க்கிற எல்லோருக்கும் வரும் கேள்விதான்: "டர்போ வெச்ச ரோட்டரி எஞ்சினில் மேனிஃபோல்டை மாற்றினால் எவ்வளவு பவர் ஏறும்?"

இதற்கு நேர்மையான பதில், "எந்த ஆர்பிஎம்மில் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்பதுதான். ஏன் அப்படி என்று புரிய, ரோட்டரியின் கதையை அதன் மூச்சுக்குழாய் வழியாகவே பார்க்க வேண்டும். வழக்கமாக இந்தக் கதையை சீல் தேய்மானம், பெட்ரோல் செலவு என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காற்று எப்படி உள்ளே போனது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வால்வே இல்லாத எஞ்சின்

நம்ம டெல்டாவில் வயல் வரப்பில் ஓடும் ஆயில் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும், வால்வு திறந்து மூடும். ரோட்டரியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவ அறை. அதற்குள் மூன்று மூலை கொண்ட ரோட்டர் சுற்றுகிறது. மூலைகள் சுவரை உரசிக்கொண்டே போக, ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று அறைகள் பெரிதாகிச் சிறிதாகின்றன. காற்று உள்ளே வரும் ஓட்டையை, அதாவது போர்ட்டை, ரோட்டரே தாண்டிப் போகும்போது திறக்கிறது, அதுவே மூடுகிறது.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. வால்வு இல்லாததால், ஓட்டை எங்கே இருக்கிறது, அதற்கு வரும் குழாய் எவ்வளவு நீளம் என்ற இரண்டும்தான் எஞ்சினின் குணத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது.

ஜெர்மனியில் ஓட்டை போட்ட இடம்

ஃபெலிக்ஸ் வான்கெல் பொறியியல் பட்டம் வாங்காதவர். கண்பார்வை மோசம் என்பதால் டிரைவிங் லைசென்ஸும் கிடையாது. அவருடைய யோசனை, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் 1957 பிப்ரவரி 1 அன்று முதன்முதலாக எஞ்சினாக ஓடியது. அந்த முதல் வடிவத்தில் வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே வெளிக்கூட்டை அசையாமல் நிறுத்தி எளிமையாக்கினார். நாம் இன்றைக்கு ரோட்டரி என்று சொல்வது அந்த வடிவத்தைத்தான்.

1967-இல் என்எஸ்யூ ஆர்ஓ80 கார் வந்தது. 1968-இன் ஐரோப்பிய 'கார் ஆஃப் தி இயர்' அதுதான். அதில் காற்று ஓட்டை, ரோட்டரின் மூலை உரசும் வெளிச்சுவரிலேயே இருந்தது. இது பெரிஃபெரல் போர்ட். வேகமாக ஓடும்போது காற்று தாராளமாக வரும். ஆனால் ஓட்டை ரொம்ப நேரம் திறந்தே கிடக்கும். எரிந்த புகை வெளியேறும் நேரமும் புதுக்காற்று நுழையும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். விளைவு, ஐடிலில் நடுக்கம், கீழ் ஆர்பிஎம்மில் சக்தி குறைவு. மூலை சீல்களும் சீக்கிரம் தேய்ந்தன. வாரன்டியில் எஞ்சின் மாற்றிக்கொடுத்தே என்எஸ்யூவின் பணம் கரைந்தது. 1969-இல் அது ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது.

காரைக்கால்காரங்களுக்கு இங்கே ஒரு பிரெஞ்சுக் கிளைக்கதை உண்டு. 1954 வரை நம்ம ஊரை ஆண்ட பிரான்ஸும் இந்த எஞ்சினில் கை வைத்தது. சிட்ரோயன், என்எஸ்யூவுடன் சேர்ந்து கோமோட்டர் என்று ஒரு கூட்டு நிறுவனம் நடத்தியது. 1973-இல் ஜிஎஸ் பைரோட்டர் கார் வந்தது. அதே நேரம் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 847 கார்கள்தான் விற்றன. பிற்பாடு சிட்ரோயன் அவற்றைத் திரும்ப வாங்கி உடைத்துப் போடவே முயன்றது.

ஜப்பானில் ஓட்டை இடம் மாறியது

மஸ்டா 1960-களின் தொடக்கத்தில் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். சுவரில் விழுந்த கீறல்களைப் 'பேயின் நகக்கீறல்' என்றே அழைத்தார்கள். கார்பன் கலந்த சீல் வைத்து அதைச் சமாளித்தார்கள். இது எல்லோரும் சொல்லும் கதை.

சொல்லாத கதை, அவர்கள் காற்று ஓட்டையைப் பக்கச்சுவருக்கு மாற்றியது. 1967 மே மாதம் விற்பனைக்கு வந்த காஸ்மோ ஸ்போர்ட்டில் சைடு போர்ட் இருந்தது. உச்ச பவரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, சிக்னலில் நிற்கும்போது நடுங்காத எஞ்சின் கிடைத்தது. முதல் 'இன்டேக் அப்கிரேடு' இதுதான் என்பது என் கருத்து. பவர் குறைந்தது, கார் நல்லதானது!

1980-களில் அடுத்த படி. இரண்டு ரோட்டர் எஞ்சினில் ஒரு ரோட்டரின் போர்ட் மூடும்போது, ஓடி வந்த காற்று முட்டி ஒரு அழுத்த அலை திரும்பிப் போகும். அந்த அலை மேனிஃபோல்டு வழியாகச் சரியான நேரத்தில் அடுத்த ரோட்டருக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே காற்றைக் கூடுதலாகத் தள்ளிவிடும். டர்போ இல்லாமலே கொஞ்சம் டர்போ வேலை. மஸ்டா இதை டைனமிக் எஃபெக்ட் என்று விளம்பரமே செய்தது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6000 ஆர்பிஎம்மில் ஷாஃப்ட் அரைச்சுற்று சுற்ற 5 மில்லிசெகண்ட். அதற்குள் ஒலி அலை சுமார் 1.7 மீட்டர் ஓடும். 3000 ஆர்பிஎம்மில் 10 மில்லிசெகண்ட், சுமார் 3.4 மீட்டர். அதாவது ஒரே நீளக் குழாய் இரண்டு வேகத்துக்கும் சரியா வராது. நம்ம கோடு எழுதுகிற பாஷையில் சொன்னால், குழாய் நீளம் என்பது ஹார்டுகோடு செய்த டைம்-அவுட் மாதிரி. ஒரு லோடுக்கு டியூன் பண்ணினால் இன்னொரு லோடில் சொதப்பும்.

டர்போ வந்தது, சூடும் வந்தது

1982-இல் மஸ்டா காஸ்மோவில் 12ஏ டர்போ வந்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் டர்போ ரோட்டரி கார் அது. ரோட்டரியின் புகை ரொம்பச் சூடாகவும் வேகமாகவும் வெளியே வரும். டர்போவைச் சுழற்ற அது அருமையான தீனி. பின்னால் 1991 கடைசியில் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வந்தது. 13பி எஞ்சின், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போ, 255 குதிரைசக்தி.

ஆனால் இந்த எஞ்சின்களில் ஒரு தலைவலி பிறவியிலேயே உண்டு. காற்று உள்ளே போகும் பக்கமும் புகை வெளியே வரும் பக்கமும் ஒன்றே. தகிக்கும் டர்போவுக்கு மேலேயே இன்டேக் மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே போகும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், அதே அழுத்தத்தில் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். காற்று குறைவது மட்டுமில்லை, சூடான கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும் அபாயமும் கூடும். பிஸ்டன் எஞ்சின் இதைக் கொஞ்ச நேரம் தாங்கலாம். ரோட்டரியில் மூலை சீல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு பலமான நாக் போதும், சீல் உடைந்து, அந்தத் துண்டு டர்போ வழியாகவே வெளியே பறக்கும்.

இதனால்தான் மேனிஃபோல்டை மாற்றுவது பொழுதுபோக்கு வேலை இல்லை. பட்டறையில் பழைய குழாயை அறுத்துவிட்டு, குட்டையான குழாய், பெரிய பெட்டி, பெரிய த்ராட்டில் வைத்தால் மேல் ஆர்பிஎம்மில் காற்று தாராளமாகப் போகும். டைனோ ஷீட்டில் எண் ஏறும், ஃபோட்டோவும் நல்லா இருக்கும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் அலை தந்த உதவி போய்விடும். அங்கே புகை குறையும், டர்போ எழும்பத் தாமதமாகும். அதைவிட மோசம், பெட்டியின் வடிவம் சரியில்லாமல் இரண்டு ரோட்டருக்கும் காற்று சமமாகப் பிரியவில்லை என்றால், கூடுதல் காற்று போன ரோட்டருக்குப் பெட்ரோல் பற்றாது. சராசரி அளவு சரியென்று மீட்டர் காட்டும். உள்ளே ஒரு ரோட்டர் செத்துக்கொண்டிருக்கும்.

லெ மான், 1991

இந்தச் சிக்கலுக்கு மஸ்டாவே கொடுத்த அழகான பதில் ரேஸில் வந்தது. 787பி கார், நான்கு ரோட்டர் கொண்ட ஆர்26பி எஞ்சின், சுமார் 700 குதிரைசக்தி. டர்போ கிடையாது. ரேஸ் என்பதால் பழையபடி பெரிஃபெரல் போர்ட். ஆனால் காற்றுக் குழாய்கள் டெலஸ்கோப் மாதிரி நீண்டு சுருங்கும். ஆர்பிஎம் ஏற ஏற, நீளம் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். டைம்-அவுட்டை ஹார்டுகோடு செய்யாமல், லோடு பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

இது உச்ச பவருக்காகச் செய்தது இல்லை. அந்தப் போட்டியில் 24 மணி நேரத்துக்கும் பெட்ரோல் அளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நடு ஆர்பிஎம்மிலும் டார்க் இருந்தால், எஞ்சினை முறுக்காமல், பெட்ரோலை மிச்சம் பிடித்து ஓட்டலாம். போட்டியாளர்கள் 1000 கிலோ சுமந்தபோது மஸ்டாவுக்கு 830 கிலோ என்ற விதிச்சலுகையும் உதவியது. கடைசி மணி நேரங்களில் முன்னால் ஓடிய மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. 362 சுற்று முடித்து மஸ்டா ஜெயித்தது. லெ மானில் ஜெயித்த முதல் ஜப்பானிய கார் அதுதான். கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைத்து விழுந்ததால் மேடை ஏறவே முடியவில்லை.

கோலாரில் 40 நிமிடம்

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு? இருக்கு. கர்நாடகத்தின் கோலார் விமான தளத்தில், 2009 ஏப்ரலில், 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானம் உள்நாட்டிலேயே செய்த வான்கெல் எஞ்சினோடு பறந்தது. அதுவரை அதில் இருந்தது இறக்குமதி எஞ்சின். உள்நாட்டு எஞ்சின் 55 குதிரைசக்தி, எடை சுமார் 30 கிலோ. பெங்களூருவின் என்ஏஎல் எஞ்சினின் மையப் பகுதியையும், உள்சுவருக்கான நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சையும் உருவாக்கியது. அகமதுநகரின் விஆர்டிஇ இக்னிஷனையும் எரிபொருள் அமைப்பையும் கொடுத்தது. ஏடிஇ பறக்கவிட்டது. 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, மொத்தம் 40 நிமிடம் பறந்து, பத்திரமாக இறங்கியது.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, நம்ம காரைக்கால் கடற்கரையில் இருப்பதில் சுமார் 84 சதவீதம்தான். 5000 மீட்டர் மலைக்குப் போனால் 60 சதவீதம். 30 கிலோ எஞ்சினுக்கு அங்கே உயிர் கொடுப்பது காற்றுவழிதான். நிஷாந்த் திட்டம் நீண்ட நாள் நிற்கவில்லை. வாங்கிய விமானங்கள் விபத்துக்குள்ளானதால் ராணுவம் மேற்கொண்டு வாங்கவில்லை என்று 2015-இல் செய்தி வந்தது. ஆனாலும் ஜெர்மனியையே திணறடித்த சுவர்ப் பூச்சையும் வார்ப்பையும் நம்ம ஆய்வகங்கள் செய்து காட்டின என்பது மறக்கக்கூடாத விஷயம்.

அப்போ, மாத்தலாமா?

கேள்விக்கு வருவோம். மேனிஃபோல்டை மாற்றலாம். ஆனால் மூன்று விஷயம் முதலில் முடிவாக வேண்டும். எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓட்டுவீங்க? இரண்டு ரோட்டருக்கும் காற்று சமமாகப் போகிறதா என்று தனித்தனியாக அளக்க வழி இருக்கா? டர்போவின் சூட்டை மேனிஃபோல்டிலிருந்து எப்படித் தடுக்கப் போறீங்க? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பளபள குழாய் வாங்கினால், சீல் உடையக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

காஸ்மோவில் ஓட்டையை நகர்த்தியவர்களும், ஆர்26பியில் குழாயை நீட்டிச் சுருக்கியவர்களும் தேடியது ஒரே ஒரு பெரிய எண்ணை இல்லை. எஞ்சின் நிஜத்தில் எந்த வேகத்தில் வாழப்போகிறது என்று பார்த்து, அங்கே அதை மூச்சு விட வைத்தார்கள்.

இன்றைக்கு இவ்வளவுதான். உங்க ஊர்ப் பட்டறையில் ரோட்டரி எஞ்சின் பிரித்துப் பார்த்தவங்க யாராவது இருந்தா, அவங்க அனுபவத்தைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.