புத்தக வெள்ளமும் எமது வீடுகளும்

வட அத்திலாந்திக் கடலில் ஐஸ்லாந்து என்றொரு தீவு இருக்கிறது. இன்று அங்கு வாழ்பவர்கள் நான்கு இலட்சத்துக்கும் குறைவானவர்கள். எமது யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகைகூட அதைவிட அதிகம். அவ்வளவு சிறிய மொழியில் வருடந்தோறும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பகுதி செப்டெம்பருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கடைகளுக்கு வந்து சேர்கிறது. டிசெம்பர் 24 ஆம் திகதி மாலை ஆறு மணிக்குத் தேவாலய மணி அடித்ததும் அங்கே பண்டிகை தொடங்குகிறது. சாப்பாடு முடிந்ததும் பரிசுப் பொதிகளைப் பிரிப்பார்கள். புத்தகம் இல்லாத பரிசுக் குவியல் அங்கு அபூர்வம். பலர் அன்றிரவே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பருவத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'கிறிஸ்மஸ் புத்தக வெள்ளம்'.

உல்லாசப் பயண விளம்பரங்களில் இது மெழுகுதிரி வெளிச்சத்தில் நடக்கும் இனிய சடங்காகக் காட்டப்படுகிறது. இதன் பிறப்பு போருக்குள் நிகழ்ந்தது என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

1940 ஏப்ரலில் ஜேர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. டென்மார்க் அரசரைத் தனது அரசராகவும் கொண்டிருந்த ஐஸ்லாந்தில் மே 10 ஆம் திகதி பிரித்தானியப் படைகள் இறங்கின. அடுத்த வருடம் அமெரிக்கப் படைகள் வந்தன. விமானத்தளங்களும் வீதிகளும் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். வேலையில்லாதிருந்த மீனவனுக்கும் கமக்காரனுக்கும் கூலி கிடைத்தது. கையில் காசு வந்தது, கடையில் சாமான் இல்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் விளையாட்டுப் பொருட்களும் அலங்காரச் சாமான்களும் வெளியிலிருந்து வருவது குறைந்துபோயிற்று. கடதாசி மீதான கட்டுப்பாடு மட்டும் ஒப்பீட்டளவில் தளர்வாக இருந்தது. அச்சகங்கள் ஓடின. பிள்ளைக்கும் மனைவிக்கும் அயலவருக்கும் கொடுப்பதற்கு உள்ளூரில் செய்த பொருளாகப் புத்தகம் கிடைத்தது.

1944 யூன் 17 ஆம் திகதி ஐஸ்லாந்து குடியரசாயிற்று. அதே வருடத்தில் புத்தக வெளியீட்டாளர்களின் சங்கம் ஒரு காரியம் செய்தது. அந்த வருடம் வந்த புத்தகங்களைப் பட்டியலாக அச்சிட்டு வெளியிட்டது. அந்தப் பட்டியல் பல பத்தாண்டுகளாக வீடு வீடாக இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எது என்று குடும்பமாகக் குறித்துக்கொள்வது ஒரு வழக்கமாகியது. ஒரே புத்தகம் இரண்டு பேரிடமிருந்து வந்துவிட்டால் பண்டிகை முடிந்தபின் கடையில் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்வார்கள். 'உனக்கு என்ன கிடைத்தது, என்ன வாசிக்கிறாய்?' என்பதுதான் அடுத்த சில வாரங்களின் பேச்சு.

கடதாசி கிடைத்துவிட்டால் மட்டும் வாசகர்கள் முளைத்துவிடுவார்களா? அங்கே நிலம் ஏற்கனவே பண்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில், புற்றரை வெட்டிக் கட்டிய வீடுகளில், நீண்ட மாரி இரவுகளில், குடும்பம் முழுவதும் ஓர் அறையில் கூடியிருந்து கம்பளி நூற்கும், பின்னும். ஒருவர் விளக்கடியில் இருந்து பழைய வீரகதைகளை உரக்க வாசிப்பார், அல்லது இராகம் போட்டுச் செய்யுள் படிப்பார். கைகள் வேலை செய்யும், காதுகள் கேட்கும். வறுமையும் அந்நிய ஆட்சியும் சூழ்ந்திருந்த காலம் அது. 1955 இல் ஹல்டோர் லக்ஸ்னஸ் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றபோது உலகம் வியந்தது. அந்த மண்ணுக்கு அதில் வியப்பதற்கு அதிகமில்லை.

நாம் கேட்டிராத விடயமா இது? எமது ஊர்க் கோயில்களில் புராணபடனம் நடந்தது. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்ல, எழுத வாசிக்கத் தெரியாத கிழவியும் தூணோடு சாய்ந்திருந்து கேட்டாள். யாழ்ப்பாண நூலகத்தின் தொடக்கமும் ஒரு வீட்டில்தான். 1933 இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆயிரத்துக்கு மேற்படாத புத்தகங்களோடு ஓர் அறையில் அது பொது நூலகமாயிற்று. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன.

அந்தத் தீயை நாம் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் எரியாமல் இருக்கும் புத்தகத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை அடுக்கிப் பூப்போட்டு, அன்றைக்கு அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு உடுப்பு, கலியாணத்துக்கு நகை அல்லது கடித உறையில் காசு, பிறந்தநாளுக்குக் கேக். இந்த வரிசையில் புத்தகத்துக்கு இடமில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் தொடங்கிய சஞ்சிகைகள் எத்தனை நின்றுபோயின! அவற்றுக்கு எழுத ஆட்கள் இருந்தார்கள். சந்தா கட்டத்தான் ஆட்கள் போதவில்லை.

ஐஸ்லாந்துக்கு ஓர் அரசு இருக்கிறது, எமக்கு எது என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2019 முதல் அந்த நாட்டு மொழியில் வரும் புத்தகத்தின் செலவில் 25 வீதத்தை அரசு திருப்பிக் கொடுக்கிறது. அப்படியிருந்தும் பிள்ளைகள் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்ற கவலை அங்கும் இருக்கிறது. ஆக, அரசு மட்டும் போதாது. விளக்கடியில் வாசித்தவனுக்கு அரசு இருக்கவில்லை. பட்டியல் அச்சிட்டவர்கள் வியாபாரிகள். 1988 இல் ஜேர்மனியில் எம்மவர்கள் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கியபோதும் எந்த அரசும் பணம் தரவில்லை. அகதி விண்ணப்பத்தின் முடிவு தெரியாதவர்களும் ரயிலேறி வந்திருந்து, வாசித்ததைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவுகிற எம்போன்றவர்களுக்கு வாசிப்பு என்பது இரண்டு வேலை நேரங்களுக்கு இடையிலான மூன்று மணித்தியாலம்தான். ஒரு நாவல் ஐந்து பேரின் கைமாறுகிறது. ஐந்தாவது ஆளிடம் போகும்போது அதன் அட்டையில் எண்ணெய் படிந்திருக்கும். யார் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதற்கு மடித்த மூலைகளே சாட்சி. வெங்காயம் உரிக்கும்போது கதையைப் பற்றிப் பேசுகிறோம். புற்றரை வீட்டில் கம்பளி நூற்றவர்களுக்கும் எமக்கும் இதில் பெரிய தூரம் கிடையாது.

எனவே எமது யோசனை மிகச் சிறியது. ஒவ்வொரு நகரத்திலும் நாலு பேர் சேர்ந்து, அந்த வருடம் தமிழில் வந்தவற்றில் தாம் வாசித்த புத்தகங்களை, எங்கே வாங்கலாம், என்ன விலை என்ற விபரங்களோடு ஒரு தாளில் எழுதி, தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். தைப்பொங்கலுக்குப் போகிற வீட்டுக்கு ஒரு புத்தகம் கொண்டுபோவோம். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியுமென்றால், பெரியவர் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் விசாரிப்போம்: வாசித்தாயிற்றா, பிடித்ததா, அடுத்து யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள்?