ஏழு விநாடி டிரம்ஸ்: வாசித்தவருக்குக் காசு வரவில்லை

அமெரிக்காவின் வாஷிங்டனைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற சோல் இசைக்குழு, 1969ஆம் ஆண்டு 'கலர் ஹிம் ஃபாதர்' பாடலை வெளியிட்டது. போரில் தந்தையை இழந்த பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்த்துக்கொள்ளும் வளர்ப்புத் தந்தையைப் பற்றிய பாடல் அது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பில்போர்டு பொதுத் தரவரிசையில் 7ஆம் இடத்தைப் பிடித்தது. எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

ஆனால், நிலைத்து நின்றது அந்த இசைத்தட்டின் மறுபக்கம்தான். (கிராமபோன் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கக் கதை தெரியும்.) அதிலிருந்த 'ஆமென், பிரதர்' இசையின் நடுவே மற்ற கருவிகள் ஓய்ந்துவிட, கிரெகரி கோல்மன் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு விநாடி, அவ்வளவுதான். 1980களில் சாம்ப்ளர் கருவி பரவியதும் ராப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்துத் தங்கள் பாடல்களில் சேர்த்தனர். 1988இல் வந்த 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' அதற்கு ஒரு சான்று. பிரிட்டனில் அதே தாளத்தை வேகமாக்கி, துண்டு துண்டாக மாற்றி அடுக்கினார்கள். 'ஜங்கிள்' இசைக்கு அதுவே முதுகெலும்பானது. இன்று ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்த அடி ஒலிக்கிறது.

கோல்மனுக்கு உரிமத்தொகையாக ஒரு காசுகூட வரவில்லை. 2006இல், தங்க வீடின்றி அட்லாண்டாவில் இறந்தார். உரிமை வைத்திருந்த ஸ்பென்சருக்கும் விஷயம் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 2015இல் பிரிட்டிஷ் டீஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டி அவருக்கு 24,000 பவுண்டு கொடுத்தனர். அதற்குள் கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.